கடிகாரக்காரர் கட்டிய மாடி அறை

ஜூன் 6

அன்பு மருமகளுக்கு உன் தாய்மாமன் எழுதிக்கொண்டது.

நான் அப்பவே சொன்னேன். இப்படி ஒரு காய்ச்சல் உலகத்தைச் சுற்றி வரும், எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடப்பார்கள், வெளியே வந்ததும் முதல் வேலையாக வேறு வீடு தேடுவார்கள் என்று பத்து வருஷத்துக்கு முன்பே எங்கள் அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன். முதலாளி சிரித்தார். இப்போது அவர்தான் எனக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறார். வீடு விற்கிற தொழிலில் என்னைப் போல மூக்கில் வியர்க்கிறவன் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதால்தான் இவ்வளவு மூளை மிச்சமிருக்கிறது.

முன்பெல்லாம் வீடு பார்க்க வருகிறவர்கள் பஸ் நிற்கும் இடம் எவ்வளவு தூரம், கடைத்தெரு பக்கமா என்று கேட்பார்கள். இப்போது உள்ளே நுழைந்ததும் ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். உள்ளேயிருந்து, "நான் பேசறது கேக்குதா?" என்று கத்துகிறார்கள். வெளியே நிற்கிற பெண்டாட்டி, "நல்லா கேக்குது!" என்றால் போச்சு, அந்த வீடு விலை போகாது. மொட்டை மாடியில் நின்று செல்போனை வானத்துக்குக் காட்டுகிறார்கள். ஒருத்தர் அளவு நாடாவோடு வந்து, சமையலறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், ஜன்னல்களை மட்டும் அளந்துகொண்டு போனார்.

பெரிய நகரங்களை விட்டுவிட்டு ஆட்கள் இங்கே வந்துகொண்டே இருக்கிறார்கள். முள்ளுச்செடி மண்டிக் கிடந்த இடமெல்லாம் தெருவாகிவிட்டது. சாயங்காலம் அந்தப் பக்கம் போனால் கட்டி முடியாத வீடுகள் வரிசையாக நிற்கும். சட்டம் வைக்காத ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு துண்டு வானம் குடியிருக்கும். சொந்தக்காரர்கள் வரும்வரை வாடகை இல்லாமல்.

உனக்கென்று ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால், வேலை நேரத்தில் அடிக்கக்கூடாது என்கிறாய். அக்காவைக் கூப்பிட்டால் கொசு பேசுவது போலக் கேட்கிறது. போன் கெட்டுவிட்டது என்று கடையில் கொடுத்து, அந்த ஆள் "நல்லாத்தானே இருக்கு" என்று சொன்னதற்கு அவரோடு சண்டையே போட்டேன். நம் குடும்பத்து லவுட்ஸ்பீக்கருக்கு என்ன ஆயிற்று? எழுது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்.

உன் மாமன்


ஜூன் 21

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். பெருமை அடித்துக்கொள்ளத் தெம்பு இருப்பதால் நீங்களும் சுகம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

போன் கெடவில்லை மாமா. அம்மா இப்போது அப்படித்தான் பேசுகிறாள்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். காசு கட்டிய பொருள் வந்து சேரவில்லை என்று போனில் கத்துகிறவர்களைச் சமாதானப்படுத்த வேண்டும். அலுவலகத்தை ஒரேயடியாக மூடிவிட்டார்கள். இனி எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம். நான் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே உட்கார்ந்து செய்கிறேன். பேசுவதெல்லாம் பதிவாகும், வீட்டுச் சத்தம் எதுவும் அதில் விழக்கூடாது. ஒருநாள் அம்மா கூடத்திலிருந்து, "ஏண்டி, துணி காஞ்சிடுச்சா?" என்று கேட்டது விழுந்துவிட்டது. அந்தப் பக்கம் இருந்தவர், "என் பொருளைப் பத்திக் கேட்டா துணியைப் பத்திப் பேசறீங்களே!" என்று புகார் செய்தார். எனக்கு எச்சரிக்கை வந்தது. இன்னொன்று வந்தால் வேலை இல்லை.

அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே தெரிந்துகொண்டாள். அன்றிலிருந்து கரண்டியைக்கூடத் துணியின் மேல்தான் வைக்கிறாள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. அன்றைக்கும் கிசுகிசுதான்.

வருகிற ஜனவரிக்குள் இந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அந்தக் காய்ச்சல் வந்து போனதிலிருந்து அம்மாவின் மூச்சு இன்னும் சரியாகவில்லை, அவ்வளவு தூரம் வீடு பார்க்க வந்து திரும்ப முடியாது. நீங்கள் பார்த்தால் நாங்கள் பார்த்த மாதிரி. அழகெல்லாம் வேண்டாம் மாமா. நான் பேசும்போது அம்மாவும் பேசலாமா? அந்த வீட்டில் அது முடியுமா? அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


ஜூன் 29

அன்பு மருமகளே,

முடியுமாவா? அதற்கென்றே கட்டிய வீடு!

கேள். கீழே கூடம், படுக்கையறை, சமையலறை. பின்பக்கம் படிக்கட்டு. அதில் ஏறிப் போனால் மாடியில் தனியாக ஒரு அறை. அந்த வீட்டைக் கட்டியவர் ஒரு கடிகாரக்காரர். கடிகாரம் பழுது பார்க்கிறவருக்குக் காதுதான் முதல். டிக் டிக் சத்தத்தில் ஒன்று தப்பினாலும் அவருக்குக் கேட்க வேண்டும். அவர் பெண்டாட்டியோ வாய் ஓயாதவள். காலையில் கண் திறக்கும்போது ஆரம்பித்தால் விளக்கணைக்கும்போதுதான் நிறுத்துவாள். வேறொருத்தனாக இருந்தால் "வாயை மூடு" என்றிருப்பான். இந்த மனுஷன் என்ன செய்தார்? "நீ பேசறதை நிறுத்தாதே, நான் மேல போறேன்" என்று சொல்லி, மாடியில் ஒரு அறை கட்டிக்கொண்டார்.

சாதாரண அறை இல்லை. இரட்டைச் சுவர், நடுவில் ஒரு சாண் காற்று. கதவைச் சாத்தினால் கீழே இடி விழுந்தாலும் தெரியாது. மேற்கே ஒரு ஜன்னல். சாயங்காலம் ஏரியிலிருந்து வெளிச்சம் நெளிந்து நெளிந்து வந்து உள்கூரையில் ஆடும். நான் அங்கே நின்றேன். நின்றுகொண்டே தூங்கிவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்.

அக்காவிடம் படித்துக் காட்டு. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

மாமன்


ஜூலை 15

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள், திருப்பித் தரவில்லை. "அந்தம்மா நாள் முழுக்க யார்கிட்டடி பேசுவாளாம்?" என்று என் காதில் வந்து கேட்டாள். "தெரியாதும்மா, சுவர்கிட்டயா இருக்கும்" என்றேன். "குடுத்து வெச்சவ" என்றாள்.

அந்த அறை என் கனவில் வருகிறது மாமா. ஜன்னலுக்கு இரண்டு கதவுகள், வெளிறிய நீலம். தரை குளிர்ச்சியாக இருக்கிறது. நான் போனில் பேசுகிறேன், அந்தப் பக்கம் யாருக்கும் கோபமே இல்லை. அவர்களுக்கும் ஏரி தெரிகிறது போல. ஒருவர், "பொருள் வராட்டி பரவாயில்லைங்க, மெதுவா வரட்டும்" என்கிறார். விழித்தால் அலமாரிக் கதவு முகத்துக்கு நேரே இருக்கிறது.

வாங்கிவிடலாம். முன்பணத்தை உங்கள் அலுவலகத்துக்கு இன்றைக்கே அனுப்பிவிட்டேன். ஜன்னல் உண்மையில் என்ன நிறம்? ஒரே ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்களேன்.

மருமகள்


ஆகஸ்ட் 20

அன்பு மருமகளே,

பதில் தாமதமானதற்குக் காரணம் என் செல்வாக்கு. எந்தத் தெருவில் நுழைந்தாலும் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள்.

ஜன்னல் நீலம் என்று எப்படிக் கண்டுபிடித்தாய்? அசல் வெளிறிய நீலமேதான்! இரண்டு கதவுதான்! நம் வம்சத்துக்கே இருக்கிற சக்தி அது, என்னிடமிருந்து உனக்கு வந்திருக்கிறது.

போட்டோ எடுத்தேன். அந்த அறை போட்டோவில் விழவில்லை. வெளிச்சம் அதிகம். எடுத்துப் பார்த்தால் வெறும் மொட்டை மாடியும் வானமும்தான் தெரிகிறது. அதை அனுப்பி உன் கனவைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

சில தகவல் வேண்டும். சும்மா தெரிந்துகொள்ளத்தான். உன் மேஜை எவ்வளவு நீளம்? நாற்காலியில் உட்கார்ந்தால் உன் கண் எந்த உயரத்தில் வரும்? ஜன்னல் அடிவிளிம்பு அதற்கு மேலே வரவேண்டுமா, கீழேயா? படியில் அக்கா ஏறுவதென்றால் ஒரு படி எவ்வளவு உயரம் இருந்தால் மூச்சு வாங்காது?

அங்கே சின்னச் சின்னப் பூச்சு வேலை மட்டும் நடக்கிறது. கொத்தனார் ஒருத்தர், நல்ல மனுஷன், வாய்தான் ஆகாது. "ஏங்க, ஒரு ரூமுக்கு ரெண்டு தடவை செவுரு எழுப்பச் சொல்றீங்க, உங்களுக்கு என்ன கிறுக்கா?" என்று கேட்டார். பூச்சு வேலையைத்தான் அப்படிச் சொல்கிறார். அவர்கள் பாஷை அது.

என் ஸ்கூட்டரை விட்டுவிட்டு இப்போது நடந்தே போகிறேன். நடந்தால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். விரலில் சின்னக் காயம், அதனால்தான் எழுத்து கோணல். மற்றபடி இருபது வயசுப் பையன் மாதிரி இருக்கிறேன்.

மாமன்


செப்டம்பர் 4

அன்புள்ள மாமாவுக்கு,

மேஜை என் இரண்டு கையையும் நீட்டினால் இருக்கும் நீளம். உட்கார்ந்தால் கண், நீங்கள் நிற்கும்போது உங்கள் சட்டையின் மூன்றாவது பொத்தான் உயரத்துக்கு வரும். அடிவிளிம்பு அதற்குக் கீழே இருந்தால் நல்லது. படி முக்கால் சாணுக்கு மேல் போனால் அம்மாவுக்கு மூச்சு வாங்கும். ஆனால் இருக்கிற ஜன்னலை எதற்கு என்னிடம் கேட்கிறீர்கள் என்று புரியவில்லை.

போன வாரம் கனவில் அந்த அறைக்குப் போனேன். கடிகாரக்காரர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். முகம் தெரியவில்லை. பிடரி மட்டும் உங்கள் பிடரி மாதிரி இருந்தது.

அம்மா நலம்.

மருமகள்


செப்டம்பர் 9

தம்பிக்கு,

இதைச் சத்தமாகப் படி. நான் சத்தமாகத்தான் எழுதுகிறேன்.

அவள் கடைக்குப் போயிருக்கிறாள். நான் எழுதினேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். என் குரல் போய்விட்டது என்று நினைக்கிறேன்டா. வீட்டில் யாரும் இல்லாதபோது குழாயைத் திறந்துவிட்டு உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. ஒரு காலத்தில் நான் கூப்பிட்டால் நீ மூன்று தெரு தாண்டி ஓடி வருவாய். இதை அவளிடம் சொன்னால் அந்த நிமிஷமே வேலையை விட்டுவிடுவாள். அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். அதற்கு இப்போது கஷ்டமே படவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. சின்ன வயசில் வகுப்பில் எழுந்து நின்று, எங்கள் வீட்டில் வெள்ளை முயல் இருக்கிறது என்று சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? வாத்தியார், "சாயங்காலம் வந்து பாக்கறேன்" என்றார். நீ மத்தியானத்திலிருந்து முயலைத் தேடி ஊர் முழுக்க ஓடினாய். உன்னை எனக்குத் தெரியாதா? முதலில் சொல்லிவிடுவாய், பிறகு அதை உண்டாக்க ஓடுவாய்.

மாடியில் அறை இருக்கிறதா, முயல் இருக்கிறதா? உண்மையை எழுது. ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா


நவம்பர் 17

அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். பக்கத்து வீட்டார் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

இங்கே மழை. விட்டு விட்டு இரண்டு மாதமாக மழை. ஈரம் காயவே மாட்டேன் என்கிறது. எது காயவில்லை என்று கேட்காதே. கொத்தனார் வருகிறார், வானத்தைப் பார்க்கிறார், டீ குடிக்கிறார், போகிறார். நான் மட்டும் குடை பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் நிற்கிறேன். பாதிச் சுவரில் தண்ணீர் வழியும்போது, யாரோ உள்ளே உட்கார்ந்து மெதுவாகப் பேசுவது போலக் கேட்கிறது. நீயாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

வாத்தியார் வந்து கதவைத் தட்டியபோது முயல் இருந்ததா, இல்லையா? அதை மட்டும் யோசித்துப் பார்.

குழாயைத் திறந்துவிட்டாவது தினமும் கூப்பிட்டுப் பார். விட்டுவிடாதே.

தம்பி


டிசம்பர் 12

அன்புள்ள மாமாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஆகஸ்டுக்குப் பிறகு எனக்கு உங்களிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. அலுவலகத்துக்குப் போன் செய்தேன். நீங்கள் வெளியே போயிருக்கிறீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறார்கள்.

அம்மா இப்போது எனக்குச் சீட்டில் எழுதிக் காட்டுகிறாள். அதுதான் வசதி என்று அதையும் எழுதிக் காட்டினாள். சிரித்துக்கொண்டே எழுதினாள்.

பத்திரம் பதிய ஏற்பாடு ஆகிவிட்டது. ஜனவரி முதல் வாரத்தில் சாமான் லாரி வரும். எனக்கு ஏரி வேண்டாம், கனவு வேண்டாம். அறை உண்டு என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

மருமகள்


டிசம்பர் 20

மருமகளே,

அறை உண்டு.

மாமன்


ஜனவரி 30

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் வந்து சேர்ந்து, சாமான்களைப் பிரித்து அடுக்கியும் ஆயிற்று. நீங்கள்தான் இல்லை. நாங்கள் வந்த அன்றைக்கே அவசரமாகக் கிளை அலுவலகத்துக்குப் போய்விட்டீர்களாம். அப்படி ஒரு கிளை இருப்பதே தெரியாது என்று உங்கள் முதலாளி சொல்கிறார். நல்ல வேளை, சாவி வாங்கும்போது கொத்தனார் உங்கள் சிநேகிதர் வீட்டு விலாசத்தைக் கொடுத்தார்.

அறை இருக்கிறது மாமா. நீல ஜன்னல் இருக்கிறது. மேஜை அச்சு எடுத்தது போல அதன் அடியில் உட்கார்ந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தால் வானமும், மேஜை மேல் ஏறி நின்றால் ஏரியும் தெரிகின்றன. சாயங்காலம் உள்கூரையில் வெளிச்சம் ஆடத்தான் செய்கிறது. அது ஏரியிலிருந்து வருகிறதா, எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலிருந்தா என்று நான் ஆராயவில்லை.

முதல் நாள், வீடு வாங்க வருகிறவர்கள் செய்வதைத்தான் செய்தேன். மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கீழே இருந்து கூப்பிடச் சொன்னேன். அம்மா உதட்டை அசைத்தாளாம், காற்றுதான் வந்ததாம். குழாய் விஷயத்தை அன்றைக்குத்தான் எனக்கு எழுதிக் காட்டினாள். மறுநாளும் கூப்பிடச் சொன்னேன். அதற்கு மறுநாளும். நான் இல்லாத நேரத்தில் அவளாகவும் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். தொண்டை கரகரவென்று இழுத்ததாம்.

போன செவ்வாய்க்கிழமை நீண்ட நேரம் கத்திய ஒரு கோபக்காரரைச் சமாதானப்படுத்திவிட்டு வெளியே வந்தேன். எதிர் வீட்டு மாடியில் ஒரு அம்மா துணியைக் கையில் பிடித்தபடி எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே படிக்கட்டடியில் அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். "எவ்வளவு நேரமாடி கூப்பிடறது? காது என்ன செவிடா? தெருவே திரும்பிப் பாக்குது, உனக்கு மட்டும் கேக்கலையா?" என்றாள். கரகரப்பெல்லாம் போய்விட்டிருந்தது. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் படி, அம்மாவுக்கு மூச்சு வாங்காத உயரம்.

இப்போது அவள் நிறுத்துவதில்லை. எதிர் வீட்டு அம்மாவோடு தெருவைத் தாண்டிப் பேசுகிறாள். மேலே எனக்கு ஒன்றுமே கேட்பதில்லை. பதிவில் ஒரு பொட்டுச் சத்தம் விழவில்லை.

சுவரில் கை வைத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஜன்னல் விளிம்பில், சிமெண்டில் ஒரு பெருவிரல் பதிந்திருக்கிறது, குறுக்கே ஒரு காயத் தழும்போடு. நான் அதைப் பற்றி யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் ஸ்கூட்டர் எங்கே என்றும் கேட்கவில்லை.

ஆனால் அம்மா கேட்கிறாள். கடிகாரக்காரரையும் அவர் பெண்டாட்டியையும் நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டுமாம். எதிர் வீட்டு அம்மாவிடம் விசாரித்தால், அப்படி யாரும் இங்கே இருந்ததே இல்லை என்கிறார். அவர்கள் விலாசத்தை உடனே அனுப்புங்கள். நீங்கள் அங்கே சாப்பிடுகிறீர்களா என்றும் அம்மா கத்திக் கேட்கச் சொன்னாள்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 4

அன்பு மருமகளே,

உன் கடிதத்தைச் சிநேகிதர் வீட்டு வாசலில் நின்று படித்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமைப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். "என்னய்யா, நல்ல சேதியா?" என்று சிநேகிதர் கேட்டார். "நான் அப்பவே சொன்னேன்" என்றேன். "என்ன சொன்னே?" என்றார். தூசி விழுந்த மாதிரி கண்ணைக் கசக்கிக்கொண்டேன்.

கிளை அலுவலகம் உண்டா என்றால், நான் எங்கே உட்கார்கிறேனோ அதுதான் கிளை. முதலாளிக்கு இதெல்லாம் புரியாது. ஸ்கூட்டரைப் பற்றி நீ கேட்காதது நல்லது. நடந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னது உண்மை. அந்த டாக்டரும் உண்மை. வேண்டுமானால் கூட்டி வந்து காட்டுகிறேன்.

வியாழக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். நான் வண்டியை விட்டு இறங்குகிற நேரத்துக்கு அக்காவை என் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல். மூன்று தெரு தாண்டிக் கேட்க வேண்டும். கேட்டால் ஓடி வருவேன், இந்த வயசிலும்.

விலாசம் கேட்டாயே, அதற்கு வருகிறேன். நான் எழுதியதில் எது பொய் என்று நீயே சொல். இரட்டைச் சுவர் என்றேன், தட்டிப் பார். ஒரு சாண் காற்று என்றேன், கொத்தனாரைக் கேள், அந்தக் காற்றுக்கும் சேர்த்துத்தான் கூலி வாங்கினார். நீல ஜன்னல் என்று நீ சொன்னாய், நான் ஆமாம் என்றேன், நீலம்தானே? அறை உண்டு என்றேன். உண்டா, இல்லையா? எல்லாவற்றையும் நிஜமாக்கிவிட்டேன். ஒன்று மட்டும் முடியவில்லை.

அக்காவிடம் பக்குவமாகச் சொல். கடிகாரக்காரர் என்று ஒருத்தர் கிடையாது. ஜூன் மாதம் உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அந்த வெறும் மொட்டை மாடியில் நின்றபோது, நானாகச் சேர்த்துக்கொண்ட ஆள் அவர். அவர் பெண்டாட்டியும் கிடையாது. ஓயாமல் பேசுகிற ஒருத்தி வேண்டியிருந்தது, அப்படி எனக்கு ஒரே ஒருத்தியைத்தான் தெரியும்.

உன் மாமன்